பெல்லட் அடுப்பு பற்றவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

வெளியே மைனஸ் 15 டிகிரி. அடுப்பின் பட்டனை அழுத்தி இருபது நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே கிண்ணத்தில் பெல்லட் (எரிபொருளான மரத்தூள் குச்சிகள்) குவிந்து கிடக்கிறது, நெருப்பைக் காணோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் பேனலில் ஒரு விளக்கு மின்னுகிறது, விசிறி ஓய்கிறது, அடுப்பு தானாகவே நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன், வெர்மான்ட் பக்கம் பெல்லட் அடுப்போடு சேர்த்து வீடு வாங்கியவர்களுக்கு ஏதாவது ஒரு குளிர்காலத்தில் இது நடக்கும். எனக்கு முதல் ஜனவரியிலேயே நடந்தது.

அன்றைக்கு நான் நேராக இக்னைட்டரை, அதாவது பெல்லட்டைப் பற்றவைக்கும் மின்கம்பியை, ஆர்டர் செய்துவிட்டேன். நான்கு நாள் காத்திருந்து, வந்ததும் மாட்டிப் பார்த்தேன். அப்போதும் பற்றவில்லை. உண்மையில் கிண்ணத்தின் பின்சுவரில் இருந்த ஒரு சிறு ஓட்டையில் கரி இறுகிப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுரண்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும்போது அந்த நான்கு நாளும் எப்படிப் போயின என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் பார்ட் மாற்றும் பேச்சைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். அடுப்பு எந்தக் கட்டம் வரை ஒழுங்காக வந்து எங்கே நின்றது என்று கவனியுங்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுப்பு எப்படிப் பற்றுகிறது?

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு குச்சி. மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் அழுத்தும்போது வரும் சூட்டில் இளகி, தூளைப் பிணைத்துவிடும். இங்கே 40 பவுண்டு மூட்டையாக விற்கிறார்கள்; 50 மூட்டை ஒரு டன். வீட்டுக்கான பெல்லட் அடுப்பை 1980களில் வாஷிங்டன் மாநிலத்தில் ஜெர்ரி விட்ஃபீல்ட் என்ற விமானப் பொறியாளர் உருவாக்கினார். அதற்குப் பிறகு மாடல்கள் எவ்வளவோ மாறிவிட்டன, அடிப்படை மாறவில்லை.

மேலே ஹாப்பர் என்ற தொட்டி. அதில்தான் மூட்டையைக் கொட்டுகிறோம். தொட்டியின் அடியில் ஆகர் என்ற திருகு மெதுவாகச் சுழன்று பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். அது ஒரு சரிவுக் குழாய் வழியாக பர்ன் பாட் என்ற இரும்புக் கிண்ணத்தில் விழும். கிண்ணத்தின் பின்னால் விரல் தடிமனில் ஒரு கம்பி இருக்கும், அதுதான் இக்னைட்டர். மின்சாரத்தில் அது பழுக்கக் காய்ந்ததும், அதைத் தாண்டி வரும் காற்றும் சூடாகி, ஓட்டை வழியாகப் பெல்லட் மேல் பாயும். பெரும்பாலான அடுப்புகளில் பெல்லட்டைப் பற்றவைப்பது அந்தச் சூடான காற்றுதான். கம்பி பெல்லட்டைத் தொடுவதே இல்லை.

இன்னொரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். ஊரில் விறகடுப்பைப் பற்றவைக்கும்போது ஊதுகுழலால் காற்றை உள்ளே தள்ளுகிறோம். இந்த அடுப்பு அதற்கு நேர் எதிர். புகை வெளியேறும் பக்கத்தில் ஒரு விசிறி இருக்கிறது. அது காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். அதனால் உள்ளே காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவை ஈடுகட்ட வெளிக்காற்று கிண்ணத்தின் ஓட்டைகள் வழியாக உள்ளே வரும். அதாவது அடுப்பின் பெட்டியில் வேறு எங்கே சந்து இருந்தாலும் காற்று அந்த வழியாகவே போய்விடும், கிண்ணத்துக்கு வராது. கதவு சரியாக மூடாத அடுப்பு பற்றாமல் போவது இதனால்தான்.

பட்டனை அழுத்தியதும் வரிசை இப்படி இருக்கும்: முதலில் புகை விசிறி ஓடும், இக்னைட்டர் சூடாகத் தொடங்கும், ஆகர் சுழன்று ஒரு கைப்பிடி அளவு பெல்லட்டைக் கொட்டும், அப்புறம் கொஞ்சம் நிறுத்தும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் புகை வந்து, நெருப்பு எழும். புகைக்குழாய் சூடானதை ஒரு சென்சார் உணர்ந்ததும் இக்னைட்டர் அணைந்து, அறைக்குள் சூடான காற்றை அனுப்பும் விசிறி ஓடத் தொடங்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் அந்தச் சூடு வராவிட்டால் அடுப்பு தோல்வி என்று முடிவு கட்டி நின்றுவிடும். பல மாடல்களில் இந்த நேரம் 15 முதல் 20 நிமிடம்.

கை வைப்பதற்கு முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு முறை பற்றாமல் போனால், அடுத்த முறை பட்டனை அழுத்துவதற்கு முன் கிண்ணத்தில் குவிந்திருக்கும் பெல்லட்டை முழுக்க அள்ளிவிடுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு, மூன்று முறை முயன்றால் பெல்லட் மலையாகக் குவியும். அது கனன்று புகைவிடும், அந்தப் புகை பெட்டிக்குள் நிறையும். பிறகு திடீரென்று ஒரு பொறி பட்டால் அத்தனை புகையும் ஒரே நேரத்தில் தீப்பிடித்து 'டப்' என்று வெடிக்கும். கண்ணாடி உடையலாம், புகைக்குழாய் இணைப்பு கழன்றுவிடலாம். அள்ளிய பெல்லட்டை ஹாப்பரில் திரும்பக் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு ஒளிந்திருந்தாலும் ஆபத்து. மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, தரைமேல் வையுங்கள். மரத் தளத்தில் வைக்க வேண்டாம்.

பெட்டி முழுக்கக் கெட்டியான புகை நிறைந்து, நெருப்பு இல்லாமல் இருக்கிறதா? கதவைத் திறக்காதீர்கள். பிளக்கையும் பிடுங்காதீர்கள், புகையை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும் விசிறி நின்றுவிடும். ஆஃப் பட்டனை மட்டும் அழுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள், புகை தானே வெளியேறட்டும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதையும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றக் கூடாது. அடுப்பு இருக்கும் தளத்திலும் படுக்கையறைப் பக்கமும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சுத்தம் செய்வது, கழற்றுவது எதுவானாலும் அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, பிளக்கை எடுத்துவிட்டுத்தான். சாதாரண வேக்குவம் கிளீனரால் சாம்பலை உறிஞ்ச வேண்டாம். பார்வைக்கு ஆறிய சாம்பலுக்குள் மணிக்கணக்கில் கங்கு உயிரோடு இருக்கும். இதற்கென்றே உலோகத் தொட்டியுள்ள சாம்பல் வேக்குவம் விற்கிறார்கள். அதையும் ஆறிய சாம்பலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

முதல் கட்டம்: எதுவுமே ஓடவில்லை

பிளக், வீட்டு பிரேக்கர், தெர்மோஸ்டாட் சூடு கேட்கும்படி வைக்கப்பட்டிருக்கிறதா, ஹாப்பர் மூடி முழுக்க அமர்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். பல அடுப்புகளில் மூடி திறந்திருந்தால் வேலை செய்யாதபடி ஒரு சுவிட்ச் இருக்கும். இவையெல்லாம் சரி என்றால் கண்ட்ரோல் போர்டில் உள்ள ஃபியூஸ். ஃபியூஸ் ஒரு முறை போனால் மாற்றலாம். பட்டனை அழுத்தியதும் மறுபடி போகிறது என்றால் இக்னைட்டரோ ஒரு மோட்டாரோ உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

இரண்டாம் கட்டம்: விசிறி ஓடுகிறது, பெல்லட் விழவில்லை

தொட்டியில் பெல்லட் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது போதாது, கையை விட்டுக் கிளறிப் பாருங்கள் (அடுப்பு ஆஃபில் இருக்கும்போது). தூள் அதிகமாகச் சேர்ந்தால் பெல்லட் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாலம் போல நிற்கும். மேலே நிறைந்திருப்பதுபோல் தெரியும், அடியில் ஆகருக்கு மேலே வெற்றிடம். தொட்டி முழுக்கக் காலியான பிறகு புதிதாகக் கொட்டியிருந்தால், ஆகர் நிரம்பவே சில நிமிடங்கள் பிடிக்கும். முதல் முயற்சி தோற்பது அப்போது இயல்பு. கிண்ணத்தில் பெல்லட் இருந்தால் அள்ளிவிட்டு இரண்டாம் முறை அழுத்துங்கள்.

ஆகர் சுழலவே இல்லை என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, நீளமான பெல்லட்டோ ஈரத்தில் ஊறிய தூளோ சிக்கி இறுகியிருக்கலாம். தொட்டியைக் காலி செய்து மரக் குச்சியால் மெதுவாகக் கிளறுங்கள். இன்னொன்று, வேக்குவம் சுவிட்ச். உள்ளே காற்றழுத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் சிறிய வட்டமான பாகம் அது. பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் அல்லது சிலிக்கான் குழாய் அதற்குப் போகும். கதவு சரியாக மூடாவிட்டாலோ புகை வழி அடைத்திருந்தாலோ இந்த சுவிட்ச் ஆகரைச் சுழல விடாது. பெரும்பாலும் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும். குழாய் வெடித்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் வாயில் சாம்பல் அடைத்திருந்தால் முதலில் சுவிட்சிலிருந்து அதைக் கழற்றிவிட்டு அடுப்பின் பக்கமாக ஊதுங்கள். கழற்றாமல் ஊதினால் சுவிட்சின் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

மூன்றாம் கட்டம்: பெல்லட் விழுகிறது, பற்றவில்லை

இதற்காகத்தான் பெரும்பாலானவர்கள் தேடி வருகிறீர்கள். கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள், செலவில்லாத வேலையெல்லாம் முன்னால் இருக்கிறது.

கிண்ணத்தை வெளியே எடுங்கள். சில மாடல்களில் தூக்கினால் வந்துவிடும், சிலவற்றில் ஒரு திருகு இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வெளிச்சம் தெரிய வேண்டும். பெல்லட்டில் இருக்கும் மண்ணும் தாதுக்களும் சூட்டில் உருகி, ஆறும்போது கண்ணாடி போன்ற கட்டியாக இறுகும். இங்கே கிளிங்கர் என்கிறார்கள். கிண்ணத்தின் அடியில் அது தட்டு போலப் படிந்துவிட்டால் துடைத்து வராது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, ஓட்டைகளை அதே அளவு டிரில் பிட்டைக் கையால் திருகிச் சுத்தம் செய்யுங்கள். ஓட்டையைப் பெரிதாக்கிவிடாதீர்கள், அந்த அளவு கணக்குப் பார்த்து வைத்தது. இக்னைட்டருக்கு நேரே உள்ள ஓட்டையை இரண்டு முறை பாருங்கள். அது மூடியிருந்தால் எவ்வளவு நல்ல இக்னைட்டரும் பயன்படாது.

கிண்ணத்தைத் திரும்ப வைக்கும்போது அது உட்காரும் இடத்தையும் துடையுங்கள். அடியில் ஒரு சிட்டிகை சாம்பல் இருந்தாலும் கிண்ணம் தூக்கிக்கொண்டு நிற்கும், காற்று சந்து வழியாகப் போய்விடும். கிண்ணம் உட்கார்ந்த பிறகு கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது.

அடுத்து கதவு. விளிம்பைச் சுற்றி ஃபைபர் கிளாஸ் கயிறு ஒட்டியிருக்கும். ஒரு டாலர் நோட்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து மூடிவிட்டு இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கயிறு அமுங்கிப் போய்விட்டது. நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். சாம்பல் தட்டின் கதவையும் மறக்க வேண்டாம். கயிறு மாற்றுவது கடினமில்லை, உங்கள் மாடலுக்கான தடிமனைக் கேட்டு வாங்கினால் போதும்.

அப்புறம் புகை வழி. வெளியே போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். பனி பெய்து குவிந்து மூடியிருக்கலாம், கோடையில் பறவை கூடு கட்டியிருக்கலாம், வலையில் சாம்பல் கம்பளி போலப் படிந்திருக்கலாம். உள்ளே, பெட்டியின் பின்சுவருக்கு அப்பால் புகை செல்லும் மறைவான பாதைகள் இருக்கும். அங்கே படியும் மெல்லிய சாம்பலை வாரா வாரம் செய்யும் சுத்தம் எட்டாது. இந்தப் பக்கத்து வீடுகளில் லீஃப் புளோவரின் உறிஞ்சும் முனையை வெளியே குழாயில் பொருத்தி மொத்தச் சாம்பலையும் இழுத்துவிடுவது வழக்கம். நன்றாக வேலை செய்யும் முறைதான். ஆனால் அடுப்பு அணைந்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும், பிளக் எடுத்திருக்க வேண்டும், வேக்குவம் சுவிட்சின் குழாயைக் கழற்றியிருக்க வேண்டும். முகமூடி அணியுங்கள், கரும்புகை போலச் சாம்பல் பறக்கும்.

நம் வீடுகளுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். தாளிக்கும்போது சமையலறை ஹூடை முழு வேகத்தில் போடுகிறோம் அல்லவா? காற்று புகாதபடி நன்றாக அடைக்கப்பட்ட வீட்டில் அந்த ஹூடும் துணி உலர்த்தியும் சேர்ந்து வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது, அடுப்பின் சின்ன விசிறி அதோடு போட்டிபோட முடியாது. காற்றை வெளியிலிருந்து தனிக் குழாயில் எடுக்காமல் அறையிலிருந்து எடுக்கும் அடுப்பு என்றால் இது இன்னும் மோசம். பற்றவைக்கும் அந்தக் கால் மணி நேரம் ஹூடை அணைத்து வைத்துப் பாருங்கள். அதனால் பற்றிவிட்டது என்றால் வெளிக்காற்றுக் குழாய் போடுவதைப் பற்றி யோசியுங்கள்.

இப்போது பெல்லட். நல்ல பெல்லட் வழவழப்பாக மின்னும், ஒடித்தால் 'டக்' என்று ஒடியும். ஈரம் பட்டது மங்கலாக, உப்பலாக, வெடிப்போடு இருக்கும். விரலால் நசுக்கினால் தூளாகும். மூட்டையின் மேல் பி.எஃப்.ஐ. (அமெரிக்கப் பெல்லட் தொழில் அமைப்பு) பிரீமியம் தரம் என்று இருந்தால் ஈரம் 8 சதவீதத்துக்கும் சாம்பல் 1 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. ஆனால் கராஜின் சிமென்ட் தரையில் நேராக அடுக்கிவைத்தால் எந்தத் தரமும் காப்பாற்றாது. மூட்டையில் காற்றோட்டத்துக்காகச் சிறு துளைகள் இருக்கும், ஈரம் அதன் வழியே ஏறும். மூட்டை அடுக்கும் மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். சந்தேகமாக இருந்தால் வேறு கடையில் ஒரே ஒரு மூட்டை வாங்கி, அதை வைத்து மட்டும் பற்றவைத்துப் பாருங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது.

இத்தனையும் செய்தும் பற்றவில்லையா? சரி, இப்போது இக்னைட்டரைப் பார்க்கலாம். காலிக் கிண்ணத்தோடு அடுப்பைத் தொடங்கி, அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பல மாடல்களில் இரண்டு மூன்று நிமிடத்தில் ஓட்டைக்குள் சிவப்பு ஒளி தெரியும். தெரியவில்லை என்றால் அடுப்பை நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, பிளக்கை எடுத்துவிட்டு, இக்னைட்டரின் இரண்டு வயர்களையும் கழற்றி மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள்.

எவ்வளவு காட்ட வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, வாட்டால் வகுத்தால் ஓம். இங்கே 120 வோல்ட். இக்னைட்டர் 300 வாட் என்றால் 48 ஓம். இத்தாலியிலோ சுவிட்சர்லாந்திலோ இருப்பவர்களுக்கு 230 வோல்ட் என்பதால் அதே 300 வாட் இக்னைட்டர் சுமார் 176 ஓம் காட்டும். கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், பரவாயில்லை. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அடுத்து ஒரு முனையை வயரிலும் மறு முனையை இக்னைட்டரின் உலோக உடம்பிலும் வையுங்கள். இங்கே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் ஷார்ட். இரண்டில் எது என்றாலும் மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது அடுப்பின் மாடல் எண்ணையும் தயாரித்த வருடத்தையும் சொல்லி வாங்குங்கள். நீளம் அரை அங்குலம் மாறினாலும் முனை ஓட்டைக்குச் சரியாக வராது. செராமிக் வகை என்றால் வெறும் கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள், அவை சீக்கிரம் சூடாகும், ஆனால் எளிதில் உடையும்.

ஓம் சரியாக இருக்கிறது, ஆனாலும் இக்னைட்டர் சூடாகவில்லை என்றால் போர்டிலிருந்து மின்சாரம் வரவில்லை. அதைச் சோதிக்க அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது 120 வோல்ட் உள்ள இடத்தில் கை வைக்க வேண்டும். மின்வேலை தெரியாதவர்கள் இங்கேயே நிறுத்தித் தொழில்நுட்பரை அழையுங்கள்.

நான்காம் கட்டம்: பற்றுகிறது, பிறகு அணைகிறது

நெருப்பு நன்றாக எழுந்து, கால் மணி நேரத்தில் அடுப்பு நின்றுவிட்டால் இக்னைட்டரைக் குறை சொல்லாதீர்கள், அது தன் வேலையை முடித்துவிட்டது. நெருப்பு வந்ததை அடுப்பு உணரவில்லை. புகைக்குழாயின் சூட்டைப் பார்க்கும் அந்த சென்சார் பல மாடல்களில் சுமார் 45 முதல் 50 டிகிரி செல்சியசில் வேலை செய்யும். அதன் மேல் சாம்பல் படிந்திருந்தாலோ, இடம் விட்டு நகர்ந்திருந்தாலோ, வயர் தளர்ந்திருந்தாலோ சூடு தெரியாது. துடைத்து, சரியாகப் பொருத்திப் பாருங்கள். நெருப்பே சோம்பலாக, ஆரஞ்சு நிறத்தில் கரும்புகையோடு ஆடுகிறது என்றால் காற்று போதவில்லை. மூன்றாம் கட்டத்தின் சுத்த வேலைக்கே திரும்பிப் போங்கள்.

பார்ட் வரும்வரை என்ன செய்வது?

உங்கள் அடுப்பின் கையேடு கையால் பற்றவைக்க அனுமதிக்கிறது என்றால், பெல்லட் அடுப்புக்கென்று விற்கும் ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறிய, சுத்தமான கிண்ணத்தில் ஒரு கைப்பிடி பெல்லட், அதன் மேல் கொஞ்சம் ஜெல், நீளமான தீக்குச்சி. நெருப்பு பெல்லட்டில் பிடித்ததும் கதவை மூடி, கையேடு சொல்லும் வரிசையில் அடுப்பைத் தொடங்குங்கள். அணைந்துவிட்டால் மறுபடி ஜெல் ஊற்றாதீர்கள். சூடான கிண்ணத்தில் ஜெல் ஆவியாகி முகத்துக்கு நேரே பற்றும். முழுக்க ஆறிய பிறகுதான் அடுத்த முயற்சி.

தொழில்நுட்பரை அழைக்கும்போது "பற்றவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "விசிறி ஓடுகிறது, பெல்லட் விழுகிறது, கிண்ணத்தைச் சுத்தம் செய்துவிட்டேன், இக்னைட்டர் 47 ஓம் காட்டுகிறது, ஆனால் சூடாகவில்லை" என்று சொல்லுங்கள். சரியான பார்ட்டை வண்டியில் எடுத்துக்கொண்டு வருவார், இரண்டாம் முறை வரும் கட்டணம் மிச்சம்.

வசந்த காலத்தில் கடைசி நெருப்பு அணைந்ததும் ஹாப்பரைக் காலி செய்து, ஆகரில் மிஞ்சியதையும் ஓடவிட்டுத் தீர்த்துவிடுங்கள். கோடையின் ஈரக்காற்றில் உள்ளே கிடக்கும் தூள் ஊறி, உலர்ந்து, கல்லாக இறுகிவிடும். அக்டோபரில், குளிர் இறங்குவதற்கு முன், கடைகள் திறந்திருக்கும் ஒரு சனிக்கிழமை காலையில் முதல் தடவை பற்றவைத்துப் பாருங்கள்.